பரமேஸ்வரி அக்கா திருப்பி அனுப்பிய லோரி

பரமேஸ்வரி அக்கா இன்று காலை பெம்பானில் தம் வீட்டில் காலமானார். மாரடைப்பு. மகன் தொலைபேசியில் உறுதிப்படுத்தினார்.

தகனம் நாளை மதியம். பிகேபி நடமாட்டக் கட்டுப்பாட்டு விதிகளால் குடும்பத்தார் மட்டுமே. நேரில் யாரும் வர வேண்டாம் என்று மகன் கேட்டுக்கொண்டார்... அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: அக்கா ரெம்பியா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பல தேர்தல்களில் கட்சி வேட்பாளருக்குத் தேர்தல் முகவராக இருந்தவர்.

அவருடைய அண்ணன் குடும்பம் இன்னும் அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்தான். தோட்டத்தை வாங்கிய வீடமைப்பு நிறுவனம், அங்கே வீடு கட்ட மாநில அரசிடம் அனுமதி கேட்டிருக்கிறது. கிடைத்துவிட்டால் லயம் காலி.

போன தேர்தல். ரெம்பியாவில் கட்சியின் தேர்தல் அறை. நான் செய்திக்காகப் போயிருந்தேன். கூடாரம், நாற்காலி, தண்ணீர்ப் பெட்டிகளோடு ஒரு லோரி வந்து நின்றது.

“யாரு அனுப்புனா தம்பி?” அக்கா ஓட்டுநரிடம் கேட்டார்.

“கம்பெனி பாஸ்தான்கா. கட்சிக்கு ஃப்ரீ.”

“எங்க தோட்டத்த வாங்குன பாஸா?”

“எனக்கு எப்படிக்கா தெரியும், நான் லோரிதான் ஓட்டுறேன்.”

“சரி, ஒரு தே தாரிக் குடிச்சிட்டு அப்படியே திரும்பிப் போ. ஒண்ணும் இறக்க வேணாம்.”

வேட்பாளர் உள்ளே இருந்து ஓடி வந்தார். “அக்கா, மழை வந்தா கூட்டம் எங்கலா நிக்கும்?”

“நனையட்டும். உன்னப் பாக்க வராங்களா, கூடாரத்தப் பாக்க வராங்களா?”

அன்று மாலை நல்ல மழை. கூட்டம் கலைந்தது.

லோரி எங்கேயும் தூரம் போகவில்லை. எதிர் வேட்பாளரின் அறை முன்னால் அதே கூடாரம் நின்றது. நிறுவனத்துக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

“நான் ஒருத்தி வேணாம்னா என்ன ஆச்சு பாரு” என்றார் அக்கா. “அடுத்த கடைக்குப் போயிருச்சு. எல்லாருக்கும் ஒரே சட்டம் இருந்தாதான் அவன் எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போவான்.”

வேட்பாளர் தோற்றார். கட்சி அதன்பிறகு அக்காவைக் கூப்பிடவில்லை.

தேர்தல் சட்டம் புத்ராஜெயாவின், அதாவது மத்திய அரசின் கையில், மாநிலம் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன். “நெலம் மாநிலத்தோடதுதானே?” என்றார். அவர் கேட்டது இவ்வளவுதான்: மாநிலத்திடம் நில அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கும் எந்த நிறுவனமும், மாநிலத் தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பணமோ பொருளோ கொடுக்கக் கூடாது. கொடுத்தால் விண்ணப்பம் ரத்து.

இதைத் தீர்மானமாகக் கொண்டுவரச் சொல்லிச் சட்டமன்ற உறுப்பினர்களைத் தேடி அலைந்தார். பலர் போனையே எடுக்கவில்லை. ஒருவர் மட்டும் உம்பாய் மீன் கடைக்கு வரச் சொன்னார். நானும் போனேன்.

சுட்ட மீன் மேசைக்கு வந்தது. அக்கா தொடவில்லை.

“இது யாரு பெலாஞ்சா?”

உறுப்பினர் பக்கத்து மேசையில் இருந்த தொழிலதிபரைக் காட்டிச் சிரித்தார். “அந்த டத்தோதான்கா. எப்பவும் அவர்தான் காசு குடுப்பாரு. சாப்பிடுங்கலா, ஆறிடும்.”

அக்கா பையிலிருந்து தம்முடைய தண்ணீர் போத்தலை எடுத்துக் குடித்தார். “நீ சாப்பிடு தம்பி. தீர்மானத்த மட்டும் கொண்டு வா.”

உறுப்பினர் சாப்பிட்டார். சொன்னபடி தீர்மானத்துக்கு நோட்டீசும் கொடுத்தார். ஒரு வகையில் நேர்மையான மனிதர்.

அடுத்த அமர்வில் எடுத்துக்கொள்வதாகப் பதில் வந்தது. அதற்குள் கொரோனாவால் நாடெங்கும் அவசரகாலம். அமர்வே இல்லை.

போன வாரம் போனில் பேசினோம். குரல் களைத்திருந்தது.

“நான் பொறந்தப்பவும் அவசரகாலம், டாருராட், தோட்டத்தச் சுத்தி முள்கம்பி. இப்பவும் டாருராட்.” சிரிக்க முயன்றார், இருமல் வந்தது. “சட்டமன்றத்ததான் மூடிட்டாங்க. நெல ஆபீஸ் தொறந்துதான்லா இருக்கு.”



போய் வாங்க, அக்கா. கடைசியாக நான் விசாரித்த வரையில் நிலவரம் இது. தீர்மானம் நிலுவையில். அவசரகாலம் ஆகஸ்ட் முதல் தேதி வரை; அதற்கு முன் சட்டமன்றம் கூடும் என்று யாரும் சொல்லவில்லை.

தோட்டத்து விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதாக நில அலுவலக அதிகாரி ஒருவர் இன்று மதியம் சொன்னார். முடிவு அடுத்த மாதம் வரலாம்.