நாற்பத்தேழாம் மனை

பார்த்திபனுக்கு மோனிகா எழுதிய முதல் மின்னஞ்சல் ஆகஸ்ட் மாதத்தில் போனது. பதினோராவது, மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை மாலை நாலே காலுக்கு. அதை அனுப்பிய கையோடு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து, அனுப்பியவை இருக்கும் பெட்டியைத் திறந்து பார்த்தாள். அங்கே இருந்தது. அதற்குள் நாற்பத்தேழாம் மனையின் லொகேஷனும் இருந்தது.

லொகேஷன் அனுப்பக் கூடாது என்பது அந்த அலுவலகத்தின் சட்டம்.

கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு மருந்துக் கடையின் மாடியில் அலுவலகம். வீட்டு மனை விற்கிறார்கள். இணையத்தில் விளம்பரம் பார்த்துப் பெயரும் எண்ணும் கொடுத்துவிட்டுப் போகிறவர்களுக்கு இங்கே லீட் என்று பெயர். போன் எடுக்கிற லீடுகளை இரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். போன் எடுக்காதவர்கள், மெயில் மட்டும் அனுப்புங்கள் என்று எழுதியவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லோரும் மோனிகாவுக்கு. வாரம் ஒரு மெயில், பிறகு பதினைந்து நாளுக்கு ஒன்று, பிறகு மாதம் ஒன்று. பொங்கலுக்கு ஒரு வாழ்த்து. பதில் வராதவர்களுக்கும் எழுத வேண்டும். பதில் வராத பெயர்களுக்குத் தொடர்ந்து எழுதுவது முதலில் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

இதற்கு முன் நான்கு வருடம் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் காண்ட்ராக்டில் இருந்தாள். எட்டு மணி நேரமும் நிற்க வேண்டும். இங்கே நாற்காலி இருந்தது. கணவன் எட்வர்டுக்கு இரும்பு உருக்கும் கம்பெனியில் மாதத்தில் பாதி நாள்தான் வேலை. ஜனவரியில் மேனேஜர் குணா, மார்ச் முப்பத்தொன்றுக்குள் மூன்று புக்கிங் ஆகவேண்டும், இல்லாவிட்டால் ஏப்ரலிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார். இரண்டு ஆகியிருந்தது. மூன்றாவதாக அவள் நம்பியது பார்த்திபனை.

நம்பியதற்குக் காரணம் இருந்தது. சொந்த வீடு வேண்டுகிறவர்கள் சிறுவாபுரி முருகன் கோயிலுக்கு ஆறு செவ்வாய்க்கிழமை வருவார்கள். அந்தச் சாலையில் மனை விற்கிற எல்லோருக்கும் இந்தக் கணக்கு தெரியும். முதல் வாரம் வருகிறவர்களை நெருக்கக் கூடாது. நான்காம் வாரம் வங்கிக் கடன் பற்றிக் கேட்பார்கள். ஆறாம் வாரம் கையெழுத்துப் போடுவார்கள். மோனிகா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் பார்த்திபன் ஒரு மெயிலில் சொல்லியிருந்த அவர் மனைவியின் செவ்வாய்க்கிழமைகளைத் தன் நோட்டில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். நாளை ஆறாவது.

சொந்தக் காரில் வருகிறோம், லொகேஷன் அனுப்புங்கள் என்று பார்த்திபன் இரண்டு முறை கேட்டார். கோயில் வளைவில் எங்கள் வேன் நிற்கும், அதில் வாருங்கள் என்று அவள் இரண்டு முறை எழுதினாள். அதன்பிறகு ஒரு மாதத்துக்கு மேல் பதில் இல்லை. அந்தத் திங்கட்கிழமை ஒரு வரி வந்தது. மூன்றாவது முறையாகக் கேட்கிறேன் என்று.

வேன் எதற்கு என்பதை வேலைக்குச் சேர்ந்த அன்றே குணா சொல்லிக் கொடுத்திருந்தார். தனியாக மனைக்குப் போகிறவனைப் பக்கத்து ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள், எதையாவது சொல்வார்கள். அதுபோக, அலுவலகத்து ஆள் இல்லாமல் வருகிறவர்களை மனை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் புரோக்கர் ஜெகன் பதிவேட்டில் தன் பெயரில் எழுதிக்கொள்வான். இன்னொரு சட்டமும் இருந்தது. தண்ணீர், சாலை, பட்டா பற்றி மெயிலில் கேட்டால் பதில் எழுதக் கூடாது. போனில் விளக்குகிறோம் என்று மட்டும் எழுத வேண்டும்.

“போன்ல பேசுறது காத்தோட போவும்மா,” என்றார் குணா. “மெயிலு அவன் பொட்டில பத்து வருசம் குந்திகினு இருக்கும்.”

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மோனிகா மெயில் பெட்டியைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் இல்லை. பதினோரு மணிக்கு, அவர்கள் சாமி கும்பிட்டு முடித்திருப்பார்கள் என்று நினைத்தாள். பதினொன்றரைக்கு, காரில் ஏறியிருப்பார்கள். பன்னிரண்டுக்குக் குணாவிடம் வங்கியில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தாள். ஆட்டோ கவரைப்பேட்டையில் ஆள் சேர்க்க ஐந்து நிமிடம் நின்றது. இறங்கி நடந்துவிடலாமா என்று இருந்தது. நடந்தால் இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்.

மனைப்பிரிவின் பெயர் பொற்கதிர் நகர். வாசலில் வளைவு, உள்ளே தார்ச் சாலை, இரண்டு பக்கமும் எண் எழுதிய வெள்ளைக் கற்கள். ஜெகனின் நாற்காலி காலியாக இருந்தது. சாப்பிடப் போயிருக்க வேண்டும். நாற்பத்தேழாம் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கார் நின்றது. பார்த்திபனும் அவர் மனைவி பூமிகாவும் நெற்றியில் விபூதியோடு நின்றிருந்தார்கள். அவர்களுக்கு எதிரே, நான்கு ஆடுகளோடு கங்கம்மா.

கங்கம்மா மோனிகாவின் அம்மாவுடைய தங்கை. அக்கா கல்யாணமாகிச் சர்ச்சுக்குப் போனாள், தங்கை போகவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். இருவரும் இந்த நிலத்தில் இருபது வருடம் கூலிக்கு நாற்று நட்டவர்கள்.

“கார்த்திக வந்தா முட்டிக்கால் தண்ணிம்மா,” என்று கங்கம்மா பூமிகாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். “தையிலதான் வடியும். இப்ப காஞ்சி கெடக்குது, அதான் ரோடு கணக்கா தெரியுது.” அப்போதுதான் மோனிகாவைப் பார்த்தாள். “தோ, எங்க அக்கா பொண்ணே வந்துட்சி. அதக் கேளு. சின்னதுல இங்கதான் மீன் புட்சிகினு கெடக்கும்.”

பூமிகா சிரித்தாள். பார்த்திபன் சிரிக்கவில்லை. மோனிகா தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். எட்டு மாதமாக எழுதுகிற பெண் இவள்தான் என்று தெரிந்ததும் அவர் மரியாதையாகத் தலையசைத்தார். பிறகு தண்ணீர் நிற்குமா என்று கேட்டார்.

கம்பெனி மூன்றடி மண் போட்டு உயர்த்தியிருக்கிறது, இப்போது நிற்காது என்று மோனிகா சொன்னாள். உயர்த்தியது சாலையை மட்டும்தான். அது அவள் காலுக்குக் கீழேயே தெரிந்தது. நாற்பத்தேழாம் கல், தார்ச் சாலையைவிட ஓர் ஆள் இடுப்பளவு கீழே இருந்தது.

“நீங்க சொன்னா சரிங்க,” என்றார் பார்த்திபன். “இதையே ஒரு மெயில்ல எழுதிடுங்க. எழுதினதும் புக் பண்ணிடறோம்.”

அவர் குரலில் கேலி இல்லை. கார் போனதும் கங்கம்மா பக்கத்தில் வந்தாள்.

“இன்னாடி, நான் எதனா தப்பா சொல்ட்டனா?”

“இல்ல தொத்தா.”

“அப்பறம் மூஞ்சி ஏன் அப்டி கீது? நாஷ்டா துன்னியா இல்லியா?”

தின்றதாகச் சொல்லிவிட்டு மோனிகா ஆட்டோவுக்கு நடந்தாள்.

புதன்கிழமை, மனையில் பார்த்ததைச் சொல்லாமல், ஒரு வாடிக்கையாளர் தண்ணீர் பற்றி எழுத்தில் கேட்கிறார் என்று மட்டும் குணாவிடம் சொன்னாள். அவரே போன் போட்டார். பார்த்திபன் மெயிலில் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பேஜாரு புடிச்ச ஆளு, விட்டுத்தள்ளு, வேறு லீடைப் பார் என்றார் குணா. வேறு லீட் இருந்தது. ஆறாம் வாரத்தில் இருந்த லீட் வேறு இல்லை.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது அவள் எழுதினாள். நாற்பத்தேழாம் மனையில் தண்ணீர் நிற்காது. ஒரே வரி. அந்த வரிக்குக் கீழே, எல்லா மெயிலிலும் தானாக வருவது போல, அன்புடன், மோனிகா எட்வர்ட் என்று வந்தது. அதற்குக் கீழே அவளுடைய போன் எண். அலுவலகம் தனி எண் தரவில்லை. அது அவளுடைய சொந்த எண். அம்மாவும் எட்வர்டும் கூப்பிடுகிற எண். கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் அந்த எண் அடிப்பதை அவள் நினைத்துப் பார்த்தாள். நாற்பத்தேழாம் கல்லுக்குப் பக்கத்தில், புடவையை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் போனோடு பூமிகா நின்றிருந்தாள். பத்து வருடத்தில் பத்துக் கார்த்திகை வரும்.

வரியை அழித்தாள். எழுதாமல் விட்டால் நாற்காலி போய்விடும். திரும்ப அதையே எழுதினாள். திரும்ப அழித்தாள். கீழே பஸ் ஸ்டாண்டில் ஊத்துக்கோட்டை வண்டிக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாப்பிடப் போனவர்கள் படியேறும் சத்தம் கேட்டது. அப்போது வேகமாக எழுதினாள். நாற்பத்தேழில் கார்த்திகை முதல் தை வரை தண்ணீர் நிற்கும். அறுபது முதல் அறுபத்தைந்து வரை நிற்காது. அந்த இடம் நெல்லடித்த களம். களத்தில் தண்ணீர் நின்று நான் பார்த்ததில்லை. அனுப்பு என்பதை அழுத்தியபோது குணா கதவைத் திறந்தார்.

பதில் வரவில்லை. வியாழன், வெள்ளி, சனி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டு நடக்கும்போது போனைப் பார்த்ததற்குப் பின்னால் இருந்த பெண்மணி தோளைத் தொட்டாள். அடுத்த செவ்வாய். அதற்கடுத்த புதன். குணா அவள் மேசையைக் கடந்து போகும்போதெல்லாம் மோனிகா வேறு பக்கத்தைத் திறந்தாள். சில மதியங்களில், அந்த மெயில் போகாமலே இருந்திருக்குமோ என்று அனுப்பியவற்றைத் திறந்து பார்த்தாள். போயிருந்தது.

இருபத்தெட்டாம் தேதி மனையிலிருந்து புக்கிங் தாள் வந்தது. அறுபத்திரண்டாம் மனை. வாங்குகிறவர் பெயர் பார்த்திபன். அழைத்து வந்தவர் என்ற இடத்தில் ஜெகனின் பெயர்.

மோனிகா தாளை எடுத்துக்கொண்டு குணாவிடம் போனாள்.

“ரிஜிஸ்டர்ல ஜெகன் பேரு கீது. நான் இன்னா பண்ணட்டும்?” என்றார் குணா.

“எட்டு மாசமா நான் எழுதிகினு இருந்த லீடு சார்.”

“அப்ப எழுதினத பிரிண்ட் எடுத்தாம்மா. பாக்கறேன்.”

கீழே ஜெராக்ஸ் கடையில் பன்னிரண்டு தாள்களும் சூடாக வெளியே வந்தன. அவள் அவற்றை வரிசையாக அடுக்கினாள். கடைசி இரண்டையும் எடுத்துவிட்டால் பத்து மிஞ்சும். பத்தாவதன் தேதி பிப்ரவரி முதல் வாரம். முப்பது நாள் தொடர்பில்லாத லீட் யாருக்கும் சொந்தமில்லை, யார் பிடித்தாலும் அவர்களுக்கு. அதுவும் சட்டம்தான். தன்னுடையது என்று காட்டக் கடைசி இரண்டில் ஒன்றாவது வேண்டும். அவற்றில் ஒன்றில் லொகேஷன், மற்றதில் தண்ணீர். ஒவ்வொன்றும் வேலையை விட்டு அனுப்பப் போதுமானது.

கடை வாசலில் நின்றே எட்வர்டைக் கூப்பிட்டாள். அவன் கடைசிவரை கேட்டான். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடியது.

“குட்தாலும் போவும், குடுக்காட்டாலும் போவும்,” என்றான். “அப்பறம் இன்னாத்துக்குக் கீயே நின்னுகினு கீறே?”

அவள் மேலே போய்ப் பன்னிரண்டையும் மேசையில் வைத்தாள்.

குணா விரலை வைத்துக்கொண்டு படித்தார். எதையும் அவர் மெதுவாகத்தான் படிப்பார். அந்த மெயில்களின் மாதிரியை எழுதிக் கொடுத்தது அவர்தான். பதினோராவதைப் படித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். பன்னிரண்டாவதை இரண்டு முறை படித்தார். போன் பேசுகிற பெண்கள் இருவரும் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்தியதுபோல் மோனிகாவுக்குத் தோன்றியது. உண்மையில் அவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

“களமா அது?” என்றார்.

“ஆமா சார்.”

“எனக்கே தெரியாது.”

பேனாவை எடுத்துப் புக்கிங் தாளில் ஜெகனின் பெயரை அடித்து மோனிகாவின் பெயரை எழுதினார். கடைசி இரண்டு தாள்களையும் நான்காகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். அவை பார்த்திபனின் பெட்டியில் இருக்கின்றன என்பது இருவருக்கும் தெரியும். மெயிலின் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு, நாளையிலிருந்து போன் மேசைக்கு வந்துவிடச் சொன்னார்.

வேலை இருக்கிறதா என்பதை அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

“உன்ன வெளிய அனுப்ச்சா, நாளைக்கே எந்தெந்த மனைல தண்ணி நிக்குதுன்னு ஊருக்கே எழுதுவே. இங்கயே குந்து. என் எதிர்ல.”

அடுத்த நாள் காலை அவளுடைய நாற்காலியைக் குணாவின் மேசைக்கு எதிரே நகர்த்தியிருந்தார்கள். அதே நாற்காலிதான். கணினி இல்லை. ஒரு போனும் அச்சடித்த பட்டியலும் இருந்தன. முதல் பெயர் பள்ளிப்பட்டிலிருந்து தணிகாசலம் என்று ஒருவர், நெல் வியாபாரம். பெயருக்கு எதிரே குணா பென்சிலால் நாற்பத்தேழு என்று எழுதியிருந்தார். அவரே எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனை அவள் பக்கம் தள்ளிவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்.

மணி அடித்தது. மோனிகா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மணியையும் எண்ணிக்கொண்டு, அந்த மனிதர் எடுக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.