இடது நெற்றியில் ஆறு வாரம்

"முதுகு வலின்னு எழுதிடுங்க டீச்சர். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார் எங்கள் தலைமையாசிரியை.

என் மருத்துவ விடுப்பு விண்ணப்பம் அவர் மேசைமேல் இருந்தது. காரணம் என்ற இடத்தில் 'மனச்சோர்வு' என்று எழுதியிருந்தேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் பலர் தறிக்கார வீட்டுப் பிள்ளைகள். முதுகு வலி என்றால் காஞ்சிபுரத்தில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை.

"டாக்டர் சர்டிபிகேட்ல இதைத்தான் மேடம் எழுதியிருக்காங்க. நானும் இதையே எழுதிடறேன்" என்றேன்.

அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வெளியே வந்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. இந்த நோய் வந்த மூன்று ஆண்டுகளில் நான் ஒன்றை உறுதியாகச் சொன்னது அன்றுதான்.

நான் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவள். அந்த விண்ணப்பத்துக்கு முன்பு ஒருநாள் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டைப் பாதி எழுதிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். நான் யோசிப்பதாகப் பிள்ளைகள் நினைத்தார்கள். கடைசியில் முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி, "டீச்சர், அங்க மைனஸ் வரும்" என்றாள். மைனஸ் வரும் என்று எனக்குத் தெரியும். கைதான் எழவில்லை. சாக்பீஸை வைத்துவிட்டு ஆசிரியர் அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டில் இதற்குக் காரணம் தேடினால் கிடைக்காது. என் கணவர் பிள்ளையார்பாளையத்தில் தன் அண்ணன் வீட்டுத் தறியில் நெய்கிறார். நல்ல மனிதர். ஒன்பதாவது படிக்கும் ஒரு மகள். செவிலிமேட்டில் சொந்த வீடு. "உனக்கு இன்னாம்மா கொறை?" என்று கேட்காத உறவுக்காரர் இல்லை. அதையே நானும் தினமும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன். காலையில் கண் விழித்ததும், இன்றைக்கும் ஒரு முழு நாள் இருக்கிறதே என்ற எண்ணம்தான் முதலில் வரும். குளிப்பதற்கே ஒரு மணி நேரம் மனதைத் திரட்ட வேண்டியிருந்தது.

ஊரிலேயே ஒரு மனநல மருத்துவரிடம் போய்க்கொண்டிருந்தேன். முதல் மாத்திரை ஒன்றும் செய்யவில்லை. இரண்டாவது, கையை நடுங்க வைத்தது. மூன்றாவதில் கொஞ்சம் தெளிந்தேன், ஆனால் மதிய வகுப்பில் கண் சொருகியது. அப்போதுதான் அந்த டாக்டரம்மா புதிதாக ஒன்றைச் சொன்னார்.

"காந்தத்தை வெச்சு ஒரு சிகிச்சை இருக்குது. நெத்தியோட இடது பக்கம் காயில்னு ஒரு கம்பிச் சுருளை வைப்பாங்க. மனசைப் பாத்துக்கற மூளைப் பகுதி உங்களுக்கு மந்தமா இருக்குது. அதைத் தட்டித் தட்டி எழுப்பற மாதிரின்னு வெச்சுக்குங்களேன். மயக்க ஊசி கெடையாது. முடிஞ்சதும் நீங்களே பஸ் ஏறி வரலாம்."

"சரியாயிடுமா டாக்டர்?"

"சில பேருக்கு நல்லா கேக்குது. சில பேருக்குக் கேக்கறதில்ல. இதை இப்பவே சொல்லிடறேன்."

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே அவரை நம்பினேன். கட்டாயம் சரியாகும் என்று சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேன். சிகிச்சை சென்னையில், ஞாயிறும் சனியும் தவிர தினமும், ஆறு வாரம். மொத்தம் முப்பது நாள்.

வீட்டில் சொன்னதும் கணவர் "போய்ட்டு வாம்மா" என்றார். மாமியார்தான் எழுந்து நின்றுவிட்டார்.

"தலையில கரண்ட் வெக்கறதுக்கா போற? வேணாம். என் தம்பிக்கு வெச்சாங்க. வீட்டுக்கு வந்து என்னைப் பாத்து, நீ யாருன்னு கேட்டான். நீ பொண்ணைப் பெத்து வெச்சிருக்கற."

அவருக்கு அப்படி ஒரு தம்பி இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும். இது அது இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. அடுத்த இரண்டு நாள் என்னிடம் பேசவும் இல்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பினேன். செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ், பஸ் ஸ்டாண்டிலிருந்து சென்னை பஸ். மருத்துவமனையில், வலிப்பு வந்ததுண்டா, தலைக்குள் உலோகம் ஏதும் வைத்திருக்கிறதா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டேன். உட்காரப் பல் டாக்டரிடம் இருப்பது போல ஒரு நாற்காலி. காதில் அடைக்கப் பஞ்சு மாதிரி இரண்டு குமிழ்கள். கருவியை இயக்கும் பெண்ணுக்கு என் பழைய மாணவிகளின் வயதுதான் இருக்கும்.

"மொதல்ல எவ்ளோ பலமா தட்டணும்னு அளக்கணும் மேடம். உங்க வலது கையைப் பாத்துக்கினு இருங்க" என்றாள்.

தலையின் இடதுபுறம் வைத்த காயில் ஒரு தட்டு தட்டியது. மடியில் கிடந்த என் வலது கட்டைவிரல் துள்ளியது. நான் அசைக்கவில்லை. மறுபடி தட்டியது, மறுபடி துள்ளியது. சாக்பீஸ் பிடிக்கும் விரல். கரும்பலகைமுன் எழாமல் நின்ற அதே கை. அதைப் பார்த்தபடி அழுதேன். மூளை என்பது ஓர் உறுப்பு, அதற்கும் நோய் வரும் என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். நம்பியது அந்த நிமிடத்தில்தான். இத்தனை நாள் என்னைச் சோம்பேறி என்றும் நன்றி கெட்டவள் என்றும் நானே திட்டியிருந்தேன்.

பிறகு காயிலைக் கொஞ்சம் முன்னால், நெற்றிப் பக்கம் நகர்த்தினாள். சிகிச்சை தொடங்கியது. மரங்கொத்தி கொத்துவது போலச் சில வினாடி, அப்புறம் ஒரு இடைவெளி, மறுபடி கொத்தல். புருவத்துக்கு மேலே சுரீர் என்றது. பல்வரை அதிர்ந்தது. இருபது நிமிடத்தில் முடிந்தது. தலைவலியோடு பஸ் ஏறினேன். என் பெயர், மகள் பெயர், கணவர் பெயர் எல்லாம் நினைவிருக்கிறதா என்று பூந்தமல்லிவரை சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மாமியார் என்னையும் பயமுறுத்தித்தான் வைத்திருந்தார்.

முதல் வாரம் போனது. இரண்டாம் வாரமும் போனது. ஒன்றும் இல்லை. வாரா வாரம் ஒரு கேள்வித்தாள் கொடுப்பார்கள்: தூக்கம் எப்படி, பசி எப்படி, வாழ்வதில் அர்த்தம் இருப்பதாகத் தோன்றுகிறதா. மதிப்பெண் குறைந்தால் நோய் குறைகிறது என்று பொருள். அது அசையவே இல்லை. பதினோராம் நாள் திரும்பி வரும் பஸ்ஸில், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். நாளைக்குப் போக வேண்டாம் என்று தோன்றியது. பலிக்காதவர்கள் பட்டியலில் நானும் ஒருத்தி, அவ்வளவுதான்.

ஆனால் முப்பது என்று ஒப்புக்கொண்டிருந்தேன். முப்பது முடிந்த பிறகு பலிக்கவில்லை என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு, பதினொன்றில் கிடையாது. நம்பிக்கை இருந்ததால் போனேன் என்று சொல்ல மாட்டேன். நம்பிக்கை துளிகூட இல்லை. நம்பிக்கை இல்லாவிட்டாலும் பஸ் ஏற முடியும் என்பதை அந்த வாரம் கண்டுகொண்டேன். மறுநாள் ஏறினேன்.

மூன்றாம் வாரம் மாமியாரிடம் போய், "அத்தை, நீங்களும் ஒருநாள் வந்து பாருங்க. உங்களுக்குப் புடிக்கலன்னா அப்புறம் பேசலாம்" என்றேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். காலையில் எனக்கு முன்னால் தயாராகி வாசலில் நின்றார்.

அறைக்குள் சுவரோரம் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். கொத்தல் தொடங்கியபோது அவர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்ததைப் பார்த்தேன். இடைவெளியில், "ஏம்மா, இவ என் பேரை மறந்துடுவாளா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டார்.

"மாட்டாங்கம்மா. நீங்க சொல்றது வேற வைத்தியம். அதையுமே இப்பல்லாம் மயக்கம் குடுத்து, ரொம்ப பக்குவமா செய்யறாங்க. இதுல அவங்க முழிச்சிக்கினே இருக்காங்க, பாருங்க, நம்ம பேசறதைக் கேட்டுக்கினு இருக்காங்க."

மாமியார் என் பக்கம் திரும்பினார். "என் பேர் சொல்லு."

பெரியவர்கள் பெயரைச் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. சொன்னேன்.

வீட்டுக்கு வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து தம்பியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். பிற்பாடு தம்பிக்கு நினைவு திரும்பியதாம். ஆனால் நீ யார் என்ற அந்தக் கேள்விக்குப் பயந்து வீட்டில் யாரும் அவனை மறுபடி எந்த டாக்டரிடமும் கூட்டிப் போகவில்லையாம். "நாங்க கூட்டிக்கினு போயிருக்கணும்" என்றார்.

நான்காம் வாரத்தில் ஒரு மாலை, மகள் ஈரத் துண்டைப் புத்தகத்தின்மேல் போட்டுவிட்டுப் போனாள். நான் கத்தினேன். நன்றாகவே கத்தினேன். அவள் திகைத்துப் போய் நின்றாள். அப்புறம் ஓடிப் போய் அப்பாவிடம் சொன்னாள்: "அப்பா, அம்மா திட்டறாங்கப்பா." புகாராக இல்லை, நல்ல செய்தி சொல்வது போல. மூன்று ஆண்டாக நான் யார்மேலும் கோபப்பட்டதில்லை. அதற்கான தெம்பு இருந்ததில்லை. கணவர் தலையை நீட்டி என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

அதன் பிறகு பசித்தது. பிறகு, குளிக்க யோசிக்கவில்லை என்பதைக் குளித்து முடித்த பிறகே கவனித்தேன். முப்பதாம் நாள் கேள்வித்தாளில் மதிப்பெண் நன்றாக இறங்கியிருந்தது. முழுக்கப் போய்விட்டது என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். மாத்திரையை விடக் கூடாது என்றார். இன்றும் விடவில்லை.

பள்ளிக்குத் திரும்பிய முதல் வாரம், அறிவியல் ஆசிரியர் ஒருவர் நான் தனியாக இருக்கும் நேரம் பார்த்து வந்தார். என் விடுப்புக்குக் காரணம் என்ன என்று அலுவலகத்தில் கேள்விப்பட்டிருந்தார். "டீச்சர், அந்த டாக்டர் எங்க உக்கார்றாங்க? எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு" என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. சனிக்கிழமை அவரோடு நானும் போனேன். சீட்டு வாங்கும் இடத்தில் அவர் தன் பெயரைத்தான் சொன்னார்.

போன மழைக்காலத்தில் எனக்கு மறுபடி வந்தது. தேர்வுத்தாள்கள் நான்கு நாள் மேசையில் கட்டவிழ்க்காமல் கிடந்தன. காலையில் அந்தப் பழைய எண்ணம் தலைகாட்டியது. முன்பு போல மாதக்கணக்கில் காத்திருக்கவில்லை. ஐந்தாம் நாளே மருத்துவமனைக்குப் போன் செய்து நாள் வாங்கினேன். பிறகுதான் வீட்டில் சொன்னேன்.

"மறுபடியுமா?" என்றார் கணவர். முகம் வாடியது.

"ஆமாங்க. வந்துடுச்சு. போய்ட்டு வரேன்."

இந்த முறை எட்டு நாள் போதும் என்றார்கள். மழையில் எட்டு நாளும் போய் வந்தேன். ஒன்பதாம் நாள் சாயங்காலம் தேர்வுத்தாள் கட்டைப் பிரித்து, முதல் தாளை எடுத்துத் திருத்தத் தொடங்கினேன்.