தடையக்காவுக்கும் ஒரு தடை

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணுக்குப் பெற்றோர் ஆசை ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அவள் போகும் கத்தோலிக்கக் கோயிலின் பங்கில் யாரும் அதைச் சீண்டுவதில்லை. பூசைக்கு உதவும் பீடச் சிறுவர்கள் முதல் பாடகர் குழுத் தலைவி வரை எல்லோருக்கும் அவள் தடையக்காதான். அவளைவிட மூத்தவர்கள்கூட வாய் கூசாமல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

கோயிலில் ஒரு ஜோடிக்குக் கல்யாணம் என்றால், அதற்கு முன் மூன்று ஞாயிறு பூசை முடிவில் ஓலை என்ற அறிவிப்பை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடியும். அந்த நேரத்தில் பெண்கள் கைப்பைக்குள் சாவியைத் தேடுவார்கள். ஆண்கள் வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று யோசிப்பார்கள். ஓலையைக் காது கொடுத்துக் கேட்டு, கடமைப்பட்டிருக்கிறோமே என்று கவலைப்பட்ட ஒரே ஜீவன் நம் தடையக்கா.

அப்போது அவள் இளைஞர் இயக்கத்தில் சேர்ந்த புதிது. பூசை முடிந்த கையோடு பங்குத்தந்தை தங்கும் பங்கு இல்லத்துக்குப் போய் நின்றாள்.

"ஃபாதர், அந்த மாப்பிள்ளை பயங்கரமா குறட்டை விடுவாரு. இளைஞர் முகாம்ல ஒரே ரூம்ல படுத்தவங்க சொன்னாங்க."

பங்குத்தந்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா, அது தடை இல்ல. அது துன்பம். தடைன்னா ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருக்கணும், நெருங்கின ரத்த உறவா இருக்கணும், இல்ல யாராவது கட்டாயப்படுத்தியிருக்கணும்."

"எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்லிட்டேன் ஃபாதர். இனி உங்க பொறுப்பு."

அத்தோடு விட்டாளா? நேரே மாப்பிள்ளையிடம் போய், "உங்களைப் பத்தி ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன்" என்று அவரிடமும் சொன்னாள். முதுகுக்குப் பின்னால் பேசும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. முகத்துக்கு நேரேயும் பேசாமல் இருந்திருக்கலாம் என்பது மாப்பிள்ளையின் அபிப்பிராயம்.

அதன்பின் ஒரு ஓலையையும் அவள் சும்மா விடவில்லை. கிட்டார் வாசிப்பவன் கேரம் விளையாட்டில் தோற்றால் பலகையைக் கவிழ்ப்பான் என்றாள். பேக்கரிக்காரி கோபம் வந்தால் வாரக்கணக்கில் வாயே திறக்க மாட்டாள் என்றாள். பங்குத்தந்தை ஒவ்வொரு முறையும் கண்ணாடியைத் துடைத்தார். கல்யாணங்கள் அது பாட்டுக்கு நடந்தன.

கடையிலும் இதே லட்சணம்தான். கண்ணாடி போட்டுப் பார்த்து, "எனக்கு எடுப்பா இருக்கா?" என்று கேட்கிறவர்களிடம், "இல்லீங்க, திருட்டு முழி மாதிரி இருக்கு" என்பாள். முதலாளி தாங்க முடியாமல் அவளைக் கண் பரிசோதிக்கும் உள்ளறைக்கு மாற்றிவிட்டார். அங்கே சுவரில் எழுத்துகள் மட்டும்தான். அவற்றுக்கு ரோஷம் கிடையாது.

இவ்வளவு சொல்கிறேனே, அவளை யாரும் வெறுக்கவில்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும்போது, நாற்காலிகளை அடுக்கிவிட்டுக் கூடத்தைக் கூட்டுகிறவள் அவள்தான். அவளிடம் ஒரு வேலையை ஒப்படைத்தால் அதை மறந்தே போகலாம்.

இப்படிப்பட்டவள் ஒரு பொய் சொன்னாள்.

லிஃப்ட் பழுது பார்க்கும் ஒருவர் புதிதாகப் பங்குக்கு வந்து பாடகர் குழுவில் சேர்ந்தார். நல்ல மனிதர். சிரித்தால் முகம் முழுக்கச் சிரிக்கும். குரல்தான் வேறு கட்சி. பாட்டு மேலே ஏறும்போது அவர் குரல் கீழே இறங்கும். எல்லோரும் இறங்கி வரும்போது இரண்டு மாடிக்கு நடுவே சிக்கிக்கொண்டு நிற்கும்.

முதல் நாள் பயிற்சி முடிந்து, அதைக் கேட்டபடியே கோயில் படியைக் கூட்டிக்கொண்டிருந்த அவளைப் பார்த்தார். "நான் பாடினது எப்படிங்க இருந்துச்சு?"

அவள் வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். "நல்லா இருந்துச்சுங்க" என்றாள்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் தலை சுற்றுகிறது என்று படுத்துக்கொண்டாள். காய்ச்சலா என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை, காதல். அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது.

ஒரு வழியாக இரண்டு வீட்டாரும் பேசி நிச்சயமும் ஆயிற்று. அப்போதுதான் மாப்பிள்ளை ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "நம்ம கல்யாணப் பூசையில, எல்லாரும் அப்பம் வாங்குறப்போ வர்ற நற்கருணைப் பாட்டை நான் தனியா பாடப்போறேன். உனக்குத்தான் என் குரல் பிடிக்குமே!"

பாடகர் குழுத் தலைவி ஓடோடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தடையக்கா, ஊர்ல எல்லாருக்கும் சொல்வீங்களே! இவருக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க. அன்னைக்கு பிஷப் வேற வர்றாரு!"

சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடும். சிரிப்போடு மாப்பிள்ளையும் போய்விட்டால்? சொல்லாவிட்டால் பொய்யின் மேல் கல்யாணம். அடுத்தவர் குறட்டைக்கெல்லாம் படியேறியவளுக்குத் தன் விஷயத்தில் கால் நகரவில்லை. சோறு இறங்கவில்லை. கடையில் ஒரு பெரியவருக்கு இடது கண்ணையே இரண்டு தடவை பரிசோதித்து அனுப்பினாள்.

அந்த நிலையில் அவளுடைய ஓலை வந்தது. முதல் ஞாயிறு பங்குத்தந்தை அவள் பெயரை வாசித்தபோது யாரும் சாவி தேடவில்லை. 'தடை ஏதும்' என்றதுமே இளைஞர் பெஞ்சில் ஒரு சலசலப்பு. பூசை முடிந்ததும் பங்கு இல்லத்து வாசலில் வரிசை நின்றுவிட்டது. வருஷக்கணக்காகக் காத்திருந்தவர்கள் ஆயிற்றே!

கிட்டார்காரன் முதல் ஆள். "ஃபாதர், நான் புதுக் கண்ணாடி வாங்கினப்போ ஆந்தை மாதிரி இருக்கேன்னு சொன்னாங்க. அதுவும் காசு கட்டினப்புறம்!"

"ஃபாதர், என் கல்யாண கேக்கை நானே செஞ்சேன். நல்லா வேகலைன்னு மைக்ல சொன்னாங்க" என்றாள் பேக்கரிக்காரி.

குறட்டைக்காரர் மனைவியோடு வந்திருந்தார். அவர் வாயெடுப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "ஃபாதர், அவ சொன்னது சத்தியமான உண்மை. அன்னைக்கு நான்தான் கேக்கல."

பங்குத்தந்தை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தபடி கலைந்த பிறகு நிமிர்ந்து பார்த்தால், வரிசையின் கடைசியில் தடையக்கா நிற்கிறாள். அவள் பின்னால் யாரோ வந்து நின்ற சத்தம் கேட்டுத் திரும்பினாள். லிஃப்ட்காரர்.

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"எனக்கும் ஒரு தடை சொல்லணும்."

இரண்டு பேரும் ஒன்றாகவே உள்ளே போனார்கள். அவர் ஆரம்பித்துவிடுவாரோ என்ற பயத்தில் அவள் மூச்சு விடாமல் கொட்டினாள். "ஃபாதர், நான் இவர்கிட்ட பொய் சொல்லிட்டேன். இவர் பாட்டு நல்லா இல்ல. சுத்தமா நல்லா இல்ல. இப்ப கல்யாணம் வேண்டாம்னு இவர் சொன்னாலும் நியாயம்தான்." சொல்லிவிட்டு அழுதாள்.

"என் தடையும் அதேதான் ஃபாதர்" என்றார் லிஃப்ட்காரர். "எனக்குத் தெரியும். தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்துட்டேன்."

"தெரியுமா?"

"ஒரு தடவை லிஃப்ட்ல நாலு பேர் மாட்டிக்கிட்டாங்க. பயப்படக் கூடாதேன்னு வெளியே நின்னு பாடினேன். லிஃப்ட் மெதுவா வரட்டும், பாட்டை மட்டும் நிறுத்துங்கன்னு உள்ளேயிருந்து கத்தினாங்க. தனியா பாடப்போறேன்னு சொன்னா அன்னைக்கே நீ உண்மையைச் சொல்லிடுவேன்னு பார்த்தேன். சொல்லல."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "தெரிஞ்சும் ஏன் பெண் கேட்டு வந்தீங்க?"

"யாருக்காகவும் ஒரு பொய் சொல்லாதவ நீ. எனக்காக ஒண்ணு சொன்னே. அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?"

பங்குத்தந்தை கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார், "அப்போ அந்த நற்கருணைப் பாட்டு?"

"பாடல ஃபாதர்."

"இறைவனுக்கு நன்றி" என்றார் பங்குத்தந்தை, பூசையில் சொல்கிற அதே ராகத்தில்.

மூன்றாம் ஞாயிறு ஓலை வாசித்தபோது, தடை ஏதும் அறிந்தவர்கள் என்ற இடத்தில் அவர் தலையை நிமிர்த்தி, "எல்லாரும் ஏற்கெனவே வந்து சொல்லிட்டீங்க, போதும்" என்று முடித்துக்கொண்டார். கோயிலே சிரித்தது. தொடர்ந்து பாடகர் குழு கடைசிப் பாட்டைத் தொடங்கியது. தனியாகத்தான் பாடமாட்டேன் என்றாரே தவிர, கூட்டத்தோடு பாடமாட்டேன் என்று லிஃப்ட்காரர் சொல்லவில்லையே. பாட்டு மேலே போக, அவர் கீழே போனார்.

பேக்கரிக்காரி பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்து அவள் காதோரம் வந்தாள். "தடையக்கா, உண்மையைச் சொல்லுங்க. உங்க வருங்கால வீட்டுக்காரர் எப்படிப் பாடுறாரு?"

முன் பெஞ்சும் பின் பெஞ்சும் காதைத் தீட்டிக்கொண்டன. தடையக்கா பாடகர் குழுவின் பக்கம் பார்த்தாள். அவர் முகம் முழுக்கச் சிரித்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தார்.

"சத்தமா பாடுறாரு" என்றாள், பெருமையாக.