கீழே வெதுவெதுப்பு, மேலே பனி

பினாங்குக்கு வந்த நான்காவது மாதம். காலையில் ஃபிரிட்ஜைத் திறந்தால் மேல் அறையில் பனி பாறையாக இறுகிக் கிடந்தது. கீழே பால் திரிந்திருந்தது. கதவுத் தட்டிலிருந்த இன்சுலின் பெட்டியைத் தொட்டேன். வெதுவெதுப்பு. என் மகள் மதிக்கு எட்டு வயது. அடுத்த மூன்று மாதத்துக்கு அவளுக்கு இருந்த மருந்து அவ்வளவுதான்.

கணவர் தொழிற்சாலையில் ஷிப்டில் இருந்தார், போனை எடுக்கவில்லை. மதுரையில் ஃபிரிட்ஜ் நின்றால் தெருமுனை மருந்துக்கடைக்கு ஓடுவேன். கடைக்காரர் எதுவும் கேட்காமல் வாங்கி உள்ளே வைப்பார். இந்தப் பதினான்காவது மாடியில் யார் கதவைத் தட்டுவது? கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். ஃபிரிட்ஜின் குளிர்க் குமிழைத் திருகினேன், பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன். கடைசியில் பெட்டியை மேலே, பனியின்மீது வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் மதுரை டாக்டர் சொன்னது உறைத்தது: வெளியே சில நாள் தாங்கும், உறைந்தால் குப்பைக்குத்தான். பதறி எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு மணியை அடித்தேன்.

ரொஹானி அக்கா மலாய்க்காரர். லிப்டில் சிரித்துக்கொள்வதோடு சரி. வந்து ஃபிரிட்ஜ் கதவோரம் விரலை ஓட்டிப் பார்த்து, "கெத்தா" என்றார். நம்மூரில் கெத்து என்றால் மிடுக்கு. இந்த நேரத்தில் கிண்டலா என்று எனக்கு முகம் சுண்டிப்போனது. அவர் கதவு ரப்பரை இழுத்து, கிழிந்த இடத்தைக் காட்டினார். "கெத்தா ரோசாக்!" ரப்பர் கெட்டுவிட்டது என்கிறார்.

அவரே தமக்குத் தெரிந்த தமிழ் மெக்கானிக்கைப் போனில் பிடித்து, கிழிசலைச் சொல்லி என்னிடம் கொடுத்தார். இந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் 'லா' அவர் தமிழிலும் இருந்தது. "கிழிசல் வழியா ஈரக்காத்து போயி ஐஸ் கட்டி, கீழ குளிரு எறங்குற வழிய அடச்சிருச்சுக்கா. சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு கதவத் தொறந்து வைங்க லா, முழுசா கரையட்டும். நாளைக்கு வந்து ரப்பர் மாத்திருவேன்."

மருந்து ரொஹானி அக்கா ஃபிரிட்ஜுக்குப் போனது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உறைந்திருக்குமோ, யாராவது நகர்த்தியிருப்பார்களோ என்று ஒரு மணி நேரத்தில் இருமுறை போய்ப் பார்த்தேன். மூன்றாம் முறை மணியடித்தபோது அவர் தம் வீட்டுச் சாவியொன்றை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

மறுநாள் ஃபிரிட்ஜ் சரியானது. சாவியைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. பூட்டிவிட்டு வந்த மதுரை வீட்டுச் சாவியோடு அதையும் ஒரே வளையத்தில் கோத்துவிட்டேன். மருந்தில் பாதி இப்போதும் அவர் வீட்டில்தான். எடுக்கப் போகையில், பல நாள் அவர் வீட்டுப் பூட்டில் மதுரைச் சாவியை நுழைத்துத் திருகிக்கொண்டு நிற்கிறேன்.