மாமனாரும் இரண்டு மாப்பிள்ளைகளும்

செம்மறி ஆட்டை அறுப்புக்கூடத்துக்குள் அடித்து ஓட்ட முடியாது. ரத்த வாடை மூக்கில் ஏறியதும் நான்கு காலையும் ஊன்றி நின்றுவிடும். பின்னால் வருவது முன்னால் நிற்பதன் மேல் ஏறும். கம்பிச் சந்துக்குள் அறுபது ஆடும் அடைத்துக்கொண்டு ஒன்றையொன்று நசுக்கும். ஆனால் தனக்கு முன்னால் ஒன்று பயமில்லாமல் நடந்து போகிறது என்று கண்டால், எங்கே ஏது என்று கேட்காமல் பின்னாலேயே போகும்.

அதற்காகவே அங்கே ஒரு வெள்ளாட்டுக் கிடாவை வைத்திருந்தார்கள். செம்பட்டை நிறம், பின்னுக்கு வளைந்த கொம்பு, தாடி. சந்தின் கடைசியில், கூடத்து வாசலுக்கு ஒரு முழம் முன்னால், பக்கவாட்டில் ஒரு பலகைக் கதவு உண்டு. கிடா அங்கே வந்து சேர்ந்ததும் ஒரு ஆள் கயிற்றை இழுப்பான். கதவு மேலே போகும், கிடா நழுவி வெளியே போய்விடும். கயிற்றை விட்டால் கதவு விழும். பின்னால் வந்தவை நேரே உள்ளே போகும். உள்ளே கத்தி இருக்கிறது.

அத்தனை பேரையும் பின்னால் கூட்டிக்கொண்டு மிடுக்காக நடந்து வந்ததால் கிடாவுக்கு மாப்பிள்ளை என்று பெயர் விழுந்தது. மாப்பிள்ளை என்றால் மாமனார் ஒருவர் வேண்டும் இல்லையா? கயிறு இழுக்கிறவருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது.

மாமனாருக்கு ஐம்பது வயதுக்கு மேல். மூக்கு இரண்டு இடத்தில் உடைந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. முன்பு செங்கல் சூளையில் வேலை பார்த்தபோது மேஸ்திரியின் தாடையைப் பெயர்த்துவிட்டு மூன்று மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்த ஆள். கையை நீட்டிவிட்டுப் பிறகு யோசிப்பார். ஆடு இறக்குகிற லாரிக்காரர்கள் அவரிடம் பேசும்போது ஒரு எட்டுத் தள்ளித்தான் நிற்பார்கள்.

அப்பேர்ப்பட்டவர் வளர்த்த பிள்ளை அந்தக் கிடா. ஒன்பது வருடத்துக்கு முன்னால் வந்த லாரியில், வழியிலேயே பிறந்து ஈரம் காயாமல் கிடந்த குட்டி. தாய் அன்று காலையே வெட்டுக்குப் போய்விட்டது. குட்டியைத் தூக்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, ஒரு மாதம் புட்டிப் பால் கொடுத்து, சந்தில் நடக்கப் பழக்கியது மாமனார்தான். கொஞ்சல் எல்லாம் கிடையாது. அது முட்டும், இவர் அறைவார், அது மறுபடி முட்டும். மத்தியானச் சாப்பாட்டில் பாதி அதற்கு. அவரை இடித்து இடித்தே அவர் வீட்டுக்காரியின் கைப்பக்குவத்துக்கு அது நாக்கைப் பழக்கிக்கொண்டது என்று ஆட்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஒரு திங்கட்கிழமை மாப்பிள்ளை பாதிச் சந்தில் நின்றுவிட்டது.

அதன் இடது கண்ணில் சில மாதமாகவே பால் படர்ந்திருந்தது. மாமனாருக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. அன்று கூரைத் தகரம் ஒன்று பெயர்ந்து சந்தில் வெயில் கோடாக விழுந்திருந்தது. குருட்டுக் கண் பக்கம் என்ன தெரிந்ததோ, கிடா அந்தக் கோட்டைத் தாண்ட மாட்டேன் என்று நின்றது. பின்னால் வந்தவை நிற்கவில்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறின. கம்பி வளைந்தது. அடியில் போனவற்றின் விலா எலும்பு உடைகிற சத்தம், காய்ந்த விறகு முறிகிற மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. தரை கழுவுகிற தண்ணீர்க்காரர் கம்பிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். அவர் முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. மாமனார் சந்துக்குள் குதித்து, ஆடுகளின் முதுகை மிதித்துக்கொண்டே போய், கிடாவைக் கொம்பைப் பிடித்து இழுத்து நகர்த்தினார். அதற்குள் பதினோரு ஆடு செத்திருந்தது.

சூப்பர்வைசர் நல்ல மனுஷன்தான். சத்தம் போடவில்லை. வேறு ஊர்க் கூடம் ஒன்று மூடப்படுகிறது, அங்கே நன்றாகப் பழகிய கிடா ஒன்று இருக்கிறது, நாளைக்கு வந்துவிடும் என்று சொன்னார். ஆனால் கொட்டிலில் ஒன்றுதான் இருக்கலாம். உள்ளே வந்த எந்த மிருகமும் உயிரோடு கேட்டுக்கு வெளியே போகக் கூடாது என்பது நோய்க்குப் பயந்து அந்தக் கூடத்துக் கால்நடை டாக்டர் போட்ட சட்டம். ஆக, புதியது தங்கினால் பழையது வெள்ளிக்கிழமை ஆடுகளோடு ஆடாகச் சந்தில் போகவேண்டும்.

"உன் பிள்ளை மாதிரி வளர்த்த. அதனால உன் வாயாலயே கேட்டுக்கறேன்," என்றார். "பழசுதான் வேணும்னா புதுச வெட்டுக்கு அனுப்பிடறேன். ஆனா இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீயும் போயிடணும். வியாழக்கிழமை சாயந்தரத்துக்குள்ள சொல்லு."

செவ்வாய்க்கிழமை புதியது வந்தது. வெள்ளை வெளேரென்று இரண்டு வயதுக் கிடா. லாரியிலிருந்து குதித்து இறங்கி, யாரையும் கேட்காமல் கொட்டிலுக்குள் போனது. பழைய மாப்பிள்ளை எழுந்து நின்றது.

இரண்டும் ஐந்து எட்டுப் பின்வாங்கின. பிறகு மோதின. அந்தச் சத்தத்தில் கூரையில் இருந்த புறாக்கள் பறந்தன. மறுபடி பின்வாங்கல், மறுபடி மோதல். இளையதுக்குக் கழுத்து வலு இருந்தது. மூத்ததுக்குக் குறி தப்பியது, ஒரு கண் இல்லையே. நாலாவது மோதலில் மூத்ததன் இடது கொம்பு வேரோடு பெயர்ந்து தொங்கியது. ரத்தம் நல்ல கண்ணிலும் வழிந்து அதையும் மூடியது. அப்படியும் நிற்கவில்லை, குருட்டுப்போக்கில் சுவரைப் போய் முட்டியது. மாமனார் நடுவில் பாய்ந்தார். வெள்ளையின் கொம்பு அவர் தொடையில் இரண்டு விரல் ஆழத்துக்கு இறங்கியது. அவர் தடியை எடுத்து வெள்ளையை அது மண்டியிடும் வரைக்கும் அடித்தார். பிறகு திரும்பி, விட்டுக்கொடுக்காத குற்றத்துக்காகப் பழையதையும் அடித்தார். கடைசியில் தடி உடைந்தது.

தொடைக்குத் துணி கட்டிக்கொண்டு நடுவில் பலகை வைத்து அடைத்தார். தொங்கிய கொம்பை அறுத்து எடுத்துப் புண்ணில் மஞ்சள் அப்பினார்.

புதன்கிழமை நடந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை, வெட்கம். உப்புக் கல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பழையதன் பக்கம் போகையில், பலகை இடுக்கு வழியாக வெள்ளை நாக்கை நீட்டியது. முந்தின நாள் அத்தனை அடி வாங்கியது, பயமே இல்லாமல் கையை நக்கியது. நக்கிவிட்டு நெற்றியை அவர் முழங்கையில் வைத்து அழுத்தியது. ஒன்பது வருடத்தில் பழையது ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. மத்தியானம் அதைச் சந்தில் நடத்திப் பார்த்தார். தண்ணீர் ஓடுகிற மாதிரி போனது. கதவருகில் நின்று, அவர் முகத்தைப் பார்த்து, திறந்ததும் வெளியேறியது. தன்னையறியாமல் "சபாஷ்டா" என்று சொன்னார். சொல்லிவிட்டுக் கொட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தார், பழையதுக்குக் கேட்டிருக்குமோ என்று.

வீட்டில் அவர் மனைவி தொடைக் கட்டை அவிழ்த்துக் கழுவினாள். இரண்டையும் வைத்துக்கொள்ள வழியே இல்லையா என்று கேட்டாள். ஒன்றை ஒன்று கொன்றுவிடும் என்றார்.

"அப்ப எது சாகணும்னு நீங்கதான் சொல்லணுமா?"

"ஆமா."

"வெட்டறது என் தம்பியா?"

"அவன்தான்."

அவளுடைய தம்பிதான் அங்கே முதல் கத்தி. வாசலில் நுழைவதை அவன்தான் முதலில் வெட்டுவான். அவள் கட்டைக் கொஞ்சம் இறுக்கிக் கட்டினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை சாயந்தரம் சூப்பர்வைசரின் மேஜைக்கு முன்னால் போய் நின்று, "பழசு போகட்டும்," என்றார். சூப்பர்வைசர் தலையசைத்து, ஏட்டில் வெள்ளிக்கிழமைக் கணக்கை எழுதினார்: செம்மறி ஐம்பத்தொன்பது, வெள்ளாட்டுக் கிடா ஒன்று.

வெட்டுக்குப் போகிறவற்றின் முதுகில் சிவப்பு மை தடவுவது வழக்கம். வெள்ளிக்கிழமை காலை பழைய மாப்பிள்ளைக்கு வேறு யாரையும் தடவ விடவில்லை, அவரே தடவினார். மையின் குளிர்ச்சி பட்டதும் அது திரும்பி அவர் இடுப்பில் ஒரு முட்டு முட்டியது. அவர் திருப்பி அறையவில்லை. அதைக் கொண்டுபோய் மந்தையின் நடுவில், தலை தெரியாத இடமாகப் பார்த்துச் சேர்த்துவிட்டுக் கயிற்றடிக்குப் போனார்.

வெள்ளை முன்னால் வந்தது. செம்மறிகள் பின்னால் நெருக்கி வந்தன. கயிறு மாமனார் கையில் இருந்தது. ஆனால் கண் வெள்ளையிடம் இல்லை. மந்தைக்குள் செம்பட்டைத் தலை எங்கே, ஒற்றைக் கொம்பு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தது. புதன்கிழமை நடத்திப் பார்த்த ஒரு தடவை தவிர, ஒன்பது வருடமாக அந்தக் கை ஒரே ஒரு முகத்துக்குத்தான் கயிறு இழுத்திருக்கிறது. செம்பட்டை முகம் வந்தால் இழுக்கும். கைக்கு வேறு கணக்குத் தெரியாது. வெள்ளை பலகைக் கதவருகில் வந்து நின்றது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தது. கதவு அசையவில்லை. பின்னால் இருந்த செம்மறிகள் தள்ளின. அது ஒரு எட்டு வைத்தது, இன்னொரு எட்டு வைத்தது, வாசலுக்குள் போனது.

உள்ளே நிற்கிறவன் முகம் பார்ப்பதில்லை. வாசலில் நுழைந்தது எதுவோ அது இறைச்சி. இடது கையால் தாடையைத் தூக்கினான், வலது கையால் இழுத்தான்.

பதினாலாவதாக, பதினைந்தாவதாக இருக்கும், பழைய மாப்பிள்ளை வந்தது. கதவருகில் வந்ததும் பழக்கத்தில் பக்கவாட்டில் திரும்பி நின்றது. மாமனாரின் கை கயிற்றை இழுத்தது. கதவு மேலே போனது. முதுகில் சிவப்பு மையோடு கிடா வெளியே போனது. கதவு விழுந்த பிறகுதான், கை என்ன செய்தது என்று மாமனாருக்கு உறைத்தது.

கடைசி ஆடும் விழுந்த பிறகு மச்சினன் கத்தியோடு வெளியே வந்தான். முழங்கை வரை ரத்தம்.

"மாமா, நான் இப்ப யார வெட்டினேன் தெரியுமா?"

அவர் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார்.

"இருபது வருஷத்துல முன்னால நடக்கறத நான் வெட்டினதில்ல. வெட்டின பிறகு பார்க்கறேன், முதுகுல மை இல்ல. உங்களுக்கு எது பிரியமோ அதக் காப்பாத்த என் கைய எடுத்துக்கிட்டீங்க."

"தெரிஞ்சு செய்யலடா."

"பொய்."

அந்த வார்த்தைதான் வினையானது. மாமனார் அடித்த அடியில் மச்சினனின் முன்பல் ஒன்று தரையில் விழுந்தது. மச்சினனும் கத்தியைச் சுவரோரம் வீசிவிட்டு அவர் மேல் பாய்ந்தான். அக்காள் புருஷன் என்று ஒரு அடியும் குறைத்து அடிக்கவில்லை. தொடைக் காயத்தின் மேலேயே முழங்காலால் இடித்தான். இருவரும் கழிவு ஓடையில் உருண்டார்கள். மாமனார் அவன் கழுத்தைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்தினார். அவன் கால்கள் உதைத்தன, உதை மெதுவானது, அப்போதும் அவர் விடவில்லை. யாரோ குழாயைத் திறந்து முழு வேகத்தில் அவர் முகத்தில் அடித்த பிறகுதான் பிடி தளர்ந்தது. மச்சினன் புரண்டு படுத்து, ஓடைத் தண்ணீரை வாந்தியெடுத்தான்.

அவனைத் தூக்க நாலு பேர் போனார்கள். மாமனாருக்குக் கை கொடுக்க ஒருவரும் வரவில்லை.

சூப்பர்வைசர் வந்து தோல் குவியலைப் பார்த்தார். பிறகு ஏட்டைப் பார்த்தார். செம்மறி ஐம்பத்தொன்பது, வெள்ளாட்டுக் கிடா ஒன்று. வெட்டி முடித்ததும் அதே கணக்கு. ஏட்டின்படி பழைய மாப்பிள்ளை செத்துவிட்டது, வெள்ளை உயிரோடு இருக்கிறது. தவறு நடந்தது என்று எழுதினால் மச்சினன் கழுத்தில் இருந்த விரல் தடத்துக்கும் சேர்த்து மாமனார் பதில் சொல்லவேண்டும், டாக்டருக்குச் சூப்பர்வைசரும் பதில் சொல்லவேண்டும். வெகு நேரம் பேனாவை மூடியே வைத்திருந்தார்.

"வெள்ளை ரெண்டு நாள் கழிச்சு நோய்ல செத்ததுன்னு எழுதிக்கறேன். அந்தச் செத்துப்போனதக் கூட்டிட்டுப் பின்பக்கமாப் போ," என்றார். "இனிமே கயிறு உன் கையில வேண்டாம். தோலுக்கு உப்புப் போடற இடத்துக்குப் போ. மச்சினன் இருக்கற பக்கம் வராத."

கிடா யாருக்கும் பின்னால் நடந்து பழகாதது. கயிறு கட்டி இழுத்தால் படுத்துக்கொண்டது. அவிழ்த்து விட்டால் முன்னால் நடந்தது. மாமனார் தொடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நொண்டினார். மூலைக்கு மூலை அது நின்று, குருட்டுக் கண் பக்கம் தலையைச் சாய்க்கும். அவர் முழங்காலால் ஒரு இடி இடித்தால் திரும்பும். கடைவீதிக்காரர்கள் ஒற்றைக் கொம்பையும் சிவப்பு முதுகையும் அவர் உடைந்த முகத்தையும் பார்த்து, எது எதை அடித்தது என்று புரியாமல் வழி விட்டார்கள்.

மனைவிக்கு அவர் வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. தம்பி வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். கிடாவை வீட்டுப் பின்னால் துணி துவைக்கிற இடத்தில் கட்டினாள். அது முதல் காரியமாக வாளியை முட்டிக் கவிழ்த்தது. அவள் மறுபடி தண்ணீர் பிடித்து வைத்தாள். பிறகு அவருக்குச் சோறு போட்டாள், ஆனால் பக்கத்தில் உட்காரவில்லை, நிலையில் சாய்ந்து நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தா என் தம்பி செத்திருப்பான்."

"ம்."

"ஒண்ணு கேக்கறேன். வேற யாருக்கும் சொல்ல வேண்டாம், எனக்குச் சொல்லுங்க. தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?"

அவர் வலது கையைச் சோற்றிலிருந்து எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"தெரியல," என்றார். கையை மறுபடி சோற்றில் வைத்து, "அந்த வெள்ளை நல்ல கிடா," என்றார்.

அவள் உள்ளே போய்விட்டாள். அவர் மீதிச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு முடித்தார். அன்றைக்கு அதில் பாதியைக் கிடாவுக்கு எடுத்து வைக்கவில்லை.