எலி கடித்த ஒயர்

2006 அக்டோபர் 5, வியாழக்கிழமை. காலாண்டு விடுமுறைக்கு, கொல்லிமலை அடிவாரத்தில் இருந்த அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அப்போது நான் ஆறாம் வகுப்பு. அன்றும் வழக்கம்போல மாமா ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்தார், ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்தார், டயர்களைக் காலால் தட்டினார். அத்தை சொம்பு நிறைய மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து நான்கு சக்கரங்களுக்கும் தெளித்தாள். பிறகு கதவைத் திறந்து ஸ்டியரிங்கிற்குத் தெளித்து, மிச்சத்தைப் பெடல்களின் மேல் ஊற்றினாள். பழைய ஜீப்புக்கும் அப்படித்தான் செய்துவந்தாள். இது அந்த வருடம் வாங்கிய புது டீசல் ஜீப்.

மலைமேல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்சுகளைக் காலையில் ஏற்றிப்போய் மாலையில் இறக்கிவருவதுதான் மாமாவின் பிழைப்பு. ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து அது ஆட்டம் காணத் தொடங்கியிருந்தது. வளைவு ஏறும்போது எஞ்சின் திடீரென்று அடங்கிவிடும். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறாது. சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். மாமா டீசல் பில்டரை மாற்றினார், குழாயில் இருந்த காற்றை எடுத்தார். பயனில்லை. எட்டுக்கை அம்மனுக்கு ஏதோ கோபம் என்று அத்தைக்குப் பட்டது. அதனால் மஞ்சள் தண்ணீரின் அளவைக் கூட்டினாள்.

அன்று நானும் கூடப் போனேன். பாதி மலையில் ஜீப் நின்றேவிட்டது. பின்னால் வந்த பஸ் விடாமல் ஹாரன் அடித்தது.

"அண்ணே, வண்டிக்கும் மூச்சு வாங்குதா? ஊசி வேணா போட்டுவிடட்டுமா?" என்றார் பின்சீட்டில் இருந்த மூத்த நர்ஸ். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவரே, "நாளைக்கும் இப்படி ஆச்சுன்னா நாங்க வேற ஜீப் பாத்துக்கறோம். மேல டாக்டருக்குப் பதில் சொல்ல முடியல" என்றார். மாமா சாவியைத் திருகினார்.

நர்சுகளை இறக்கிவிட்டு நேரே நாமக்கல்லில் ஒரு பட்டறைக்குப் போனோம். மெக்கானிக் ஒரு சின்னப் பெட்டியை வண்டியில் மாட்டி, ஆக்சிலேட்டரை மெதுவாக மிதிக்கச் சொன்னார். பெட்டியில் எண் ஏறிக்கொண்டே வந்து, பாதியில் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. மறுபடி மிதித்தார், அதே இடத்தில் மறுபடி விழுந்தது.

"பழைய வண்டியில பெடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவுல கம்பி இருக்குமுங்க. இதுல சென்சார். நீங்க எவ்வளவு மிதிக்கறீங்கன்னு இதுதான் எஞ்சினுக்குச் சொல்லோணும். இது உளறுனா எஞ்சின் யார நம்பும்? மெதுவா ஓடுனாப் போதும்னு உக்காந்துக்கும்."

பெடலுக்கு மேலிருந்த ப்ளக்கைக் கழற்றினார். உள்ளே மஞ்சள் அப்பிக் கிடந்தது.

"ஏனுங்கண்ணா, வண்டி வயசுக்கு வந்துருச்சா? மஞ்சத்தண்ணி ஊத்திச் சீரு பண்ணியிருக்கீங்க!"

மாமா சிரிக்கவில்லை. மெக்கானிக் புது சென்சார் போட்டு, ப்ளக்கைச் சுத்தம் செய்து மாட்டினார். மாலையில் நர்சுகளைக் கூட்டிவர மலையேறினோம். ஜீப் ஒரு வளைவிலும் நிற்கவில்லை.

வீட்டு வாசலிலேயே அத்தை நின்றிருந்தாள். "என்னவாமுங்க? சாமி குத்தமா?"

"எலி, புள்ள. ஒயரக் கடிச்சு வெச்சிருக்குது."

"இல்லீங்க மாமா, மஞ்ச..." என்று தொடங்கினேன். மாமா பையிலிருந்து முறுக்கை எடுத்து என் வாயில் வைத்தார். "தின்னு கண்ணு, பசியா இருப்ப."

"எலிதானா!" என்று அத்தை மூச்சு விட்டாள். பிறகு காலையில் ஆக்கிய சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மாமா மலை இறங்கி வரும்வரை அவள் எதுவும் சாப்பிடுவதில்லை. அது ஏதோ விரதம் என்றே நான் நினைத்திருந்தேன். பெரியவர்கள் பொய் சொல்லலாம், நாம் சொன்னால்தான் அடி என்பது மட்டும் அன்றைக்கு எனக்கு விளங்கியது.

மறுநாள் மாமா எல்லோருக்கும் முன்னால் எழுந்தார். முதல் வேலையாக, பெடலுக்கு மேலிருந்த ப்ளக்கில் பாலிதீன் பையைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டினார். பிறகு வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏம்புள்ள, மஞ்சத்தண்ணி கொண்டா. நேரமாகுது."