ஆறு கட்டங்களும் நிரம்பிய அட்டை

என் அலுவலக மேசையின் கீழ் லாச்சியை இழுத்தால் உள்ளே ஒரு மஞ்சள் அட்டை கிடக்கிறது. அதில் ஆறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு திகதி, "மாணவி நலமாக உள்ளார், பிரச்சினை எதுவும் இல்லை" என்று ஒரு வரி, அதன் கீழே என் ஒப்பம், பக்கத்தில் அவளுடைய ஒப்பம். என் வரிகள் மூன்று விதமான மையில் இருக்கின்றன: நீலம், கறுப்பு, பிறகு கொஞ்சம் வெளிறிய நீலம். அவளுடைய ஆறு ஒப்பங்களும் ஒரே மையில், ஒரே சாய்வில், மூச்சு விடாமல் போட்டவை போல இருக்கின்றன. மூச்சு விடாமல்தான் போட்டாள். போடச் சொன்னது நான்.

எங்கள் பொறியியல் கல்லூரியில் முதலாம் ஆண்டுக்கு வரும் பிள்ளைகளைப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்து விரிவுரையாளர்களிடம் ஒப்படைப்பார்கள். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் நாங்கள் 'மென்ரர்', அதாவது வழிகாட்டி. செமஸ்டருக்கு ஆறு தடவை ஒவ்வொருவரையும் தனியே கூப்பிட்டுக் கதைக்க வேண்டும். வீட்டில் என்ன நிலைமை, ஆங்கிலத்தில் நடக்கும் பாடம் விளங்குகிறதா, தங்குமிடம் சரியா என்றெல்லாம் விசாரித்து அட்டையில் எழுத வேண்டும். சுற்றறிக்கையில் வாசிக்க நல்லாகத்தான் இருக்கும். ஆனால் தனியே கதைக்க ஒரு அறை கிடையாது, நேரசூசியில் அதற்கென்று ஒரு பாடவேளை கிடையாது. கடைசியில் தர மதிப்பீட்டுக் குழு கொழும்பிலிருந்து வரும்போது அட்டை நிரம்பியிருக்க வேண்டும் என்பது மட்டும்தான் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆகவே எங்கள் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. முதல் நாளே பிள்ளைகளிடம் ஆறு கட்டங்களிலும் ஒப்பம் வாங்கி வைத்துவிடுவோம். யார் தொடக்கியது என்று தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே இருந்தது, நானும் ஒரு கேள்வி கேட்காமல் பிடித்துக்கொண்டேன்.

என் பன்னிரண்டு பேரில் அவள் நீர்வேலியிலிருந்து சைக்கிளில் வந்து போகிறவள். ஒல்லியான பிள்ளை. எழுதுவதற்கு முன் பேனையின் முனையை ஒரு தடவை உள்ளங்கையில் இழுத்துப் பார்ப்பாள். அன்றும் அப்படிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மிஸ், இப்பவே ஆறுக்கும் வைக்கிறதோ?"

"ஓம், வையும். பிறகு உம்மைத் தேடிப் பிடிக்கேலாது" என்றேன். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். தேடிப் பிடிக்க முடியாத ஆள் யார் என்று இப்போது நினைத்தால் எனக்கே என்மீது எரிச்சல் வருகிறது.

அவள் என்னைத் தேடி இரண்டு தடவை வந்தாள். முதல் தடவை கையில் ஆசுப்பத்திரியில் நோயாளிகளுக்குக் கொடுக்கும் ஒரு கிளினிக் கொப்பியோடு வாசலில் நின்று, "மிஸ், ஒரு பத்து நிமிசம் கதைக்கலாமோ?" என்று கேட்டாள். நான் ஒரு கருத்தரங்குக்கு ஓடிக்கொண்டிருந்தேன். தலைப்பு என்ன தெரியுமா? மாணவர்களுக்கு வழிகாட்டுவது எப்படி. "நாளைக்கு வாரும்" என்று சொல்லிவிட்டுப் போய், அங்கே இரண்டு மணித்தியாலம் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாளும் வந்தாள். என் அறையில் என்னோடு சேர்த்து நான்கு பேர் இருப்போம். ஒருவர் வினாத்தாள் எண்ணுகிறார், ஒருவர் தொலைபேசியில் சத்தமாகக் கதைக்கிறார். அவள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். "ஒண்டுமில்லை மிஸ், பிறகு வாறன்" என்றாள். கொப்பியைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு போனாள். ஒன்றுமில்லை என்று சொல்ல யாராவது இரண்டு தரம் படி ஏறி வருவார்களா? அதைக்கூட நான் யோசிக்கவில்லை.

மதிப்பீட்டுக் குழு வருவதற்கு முதல் நாள் துறையின் கூட்ட அறையில் எல்லோரும் இருந்து அட்டை நிரப்பினோம். தேத்தண்ணியும் றோல்ஸும் வந்தன. துறைத் தலைவர் கதவுக்குள் தலையை நீட்டி, "ஒரு கட்டமும் வெறுமையா இருக்கக் கூடாது" என்றார். மூன்று பேனை வைத்து மாற்றி மாற்றி எழுதும் யோசனை என்னுடையது. வேறு வேறு நாளில் எழுதியது போலத் தெரியும் அல்லவா. "உம்மடை மூளையே மூளை" என்று பக்கத்தில் இருந்தவர் சொல்ல, எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவளுடைய அட்டையை எடுத்தபோது அந்தக் கிளினிக் கொப்பி ஒரு கணம் நினைவுக்கு வந்தது. வந்ததை ஒதுக்கிவிட்டு ஆறு தடவை "பிரச்சினை எதுவும் இல்லை" என்று எழுதினேன்.

சோதனைக்கு முன் வரவுப் பட்டியல் ஒட்டினார்கள். எண்பது வீதத்துக்குக் கீழே போனவர்கள் சோதனை எழுத முடியாது. அவளுடைய வரவு அதற்கும் கீழே இருந்தது. மேன்முறையீடு செய்தாள். விசாரிக்க மூன்று பேர் கொண்ட குழு, மென்ரர் என்ற வகையில் நானும் அங்கே. அன்றுதான் கேள்விப்பட்டேன்: தாய்க்கு இரண்டு சிறுநீரகமும் பழுது, செவ்வாயும் வெள்ளியும் யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரியில் இரத்தச் சுத்திகரிப்பு, கூட்டிக்கொண்டு போக அவளைத் தவிர வேறு ஆளில்லை. குடும்பக் காரணத்தை ஏற்றுக்கொள்ள விதியில் இடம் இருந்தது. ஆனால் அது அந்தந்த நேரத்திலேயே மென்ரரின் அட்டையில் பதிந்திருக்க வேண்டும். குழுத் தலைவர் அட்டையை எடுத்து ஆறு வரிகளையும் வாசித்தார். ஆறு தடவையும் பிரச்சினை எதுவும் இல்லை. "நீரும் ஒப்பம் வைச்சிருக்கிறீர்" என்றார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "மிஸ்ஸிலை பிழை இல்லை சேர்" என்றாள். "நான் ரெண்டு தரம் போனனான். மிஸ்ஸுக்கு நேரம் இருக்கேல்லை."

அட்டை கைமாறிப் போனது. அவளுடைய ஆறு ஒப்பங்களும் ஒரே மையில் இருப்பதை நானே அப்போதுதான் கவனித்தேன். அங்கே இருந்த மூன்று பேரும் பொறியியலாளர்கள். சுவரில் மயிர்க்கனத்தில் ஒரு வெடிப்பு இருந்தாலும் கண்டுபிடிக்கிறவர்கள். அவர்களுக்குத் தெரியவில்லை என்று நான் நம்பத் தயாராக இல்லை. இடைவேளையில் துறைத் தலைவரிடம் போய், எல்லாம் ஒரே நாளில் எழுதியது என்று குழுவுக்குச் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. "சொன்னால் உம்மடை அட்டை மட்டுமில்லை, எல்லாற்றை அட்டையும் பொய் எண்டாகும். பேசாமல் இரும்" என்றார். நான் பேசாமல் இருந்தேன். அவர் என் வாயைப் பொத்தவில்லை, வேலையை விட்டுத் தூக்குவேன் என்று மிரட்டவும் இல்லை. ஒரு வார்த்தைதான் சொன்னார், அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. அவள் அடுத்த வருடம் புதிய பிள்ளைகளோடு திரும்பப் படிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. சில வாரம் வந்தாள். பிறகு வரவில்லை. மதிப்பீட்டு அறிக்கையில் எங்கள் வழிகாட்டல் திட்டத்தைப் பாராட்டி ஒரு பந்தி இருந்தது.

இந்த வருடம் அச்சடித்த அட்டைகள் முடிந்துவிட்டன. போன திங்கட்கிழமை பலாலி வீதியில் ஒரு போட்டோக் கொப்பிக் கடைக்குப் போனேன். இயந்திரத்துக்குப் பின்னால் அவள் நின்றாள். வெறும் அட்டையை வாங்கிப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"எத்தினை மிஸ்?"

"பன்னிரண்டு" என்றேன். கொப்பிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அடுக்கித் தட்டிச் சூடாக என் கையில் தந்தாள். "ஒரு பத்து நிமிசம் கதைக்கலாமோ?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது யாருடைய வசனம் என்று உறைத்தது. எனக்குப் பின்னால் ஏழெட்டு மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். "இப்ப சனம் நிக்குது மிஸ், பிறகு வாங்கோ" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சனம் நின்றது.

அடுத்த நாள் காலையே போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். இயந்திரத்தில் கடைக்காரர் நின்றார். அந்தப் பிள்ளை இல்லையா என்று கேட்டேன்.

"இண்டைக்குச் செவ்வாயெல்லோ" என்றார். "செவ்வாய், வெள்ளி அவ வாறேல்லை. தாயை ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போறவ. வேலை கேட்டு வந்த அண்டைக்கே சொன்னவ, நானும் ஓமெண்டிட்டன். நீங்கள் அவவைப் படிப்பிச்ச மிஸ்ஸெல்லோ, உங்களுக்குத் தெரியாதோ?"

செவ்வாயும் வெள்ளியும் என்று விசாரணையில் என் காதால் கேட்டது, அதையும் மறந்துபோய் வந்திருக்கிறேன். அலுவலகத்துக்குத் திரும்பிவந்து லாச்சியைத் திறந்து மஞ்சள் அட்டையை எடுத்தேன். நான் எழுதிய ஆறு திகதிகளையும் நாட்காட்டியோடு வைத்துப் பார்த்தேன். அவற்றில் நான்கு செவ்வாய்க்கிழமைகள்.